பதினான்கு திருகாணி

எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. காஞ்சிபுரம் கோர்ட்டுக்கு எதிரே முப்பத்திரண்டு வருடமாக மனு டைப் அடித்துக் கொடுக்கிறவன் நான். 'மேலே கண்டவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை' என்ற வரியை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அடிக்கிறேன். அந்த வரிக்கு மேலே இருப்பதில் பாதி பொய் என்பது எனக்கும் தெரியும், கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியும். இப்படியே பழகிவிட்டதால் என் மனைவி சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னால்கூட ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றுவேன்.

ஆகவே 2015-இல் புதுக் கறுப்புக் கோட்டோடு ராமராஜன் என் கடைக்குள் வந்து, "அண்ணா, ஒரு வக்காலத்து அடிக்கணும்" என்றபோது அவரையும் நான் நம்பவில்லை.

அவர் எங்கள் ஊர்க்காரர்தான். டவுனிலிருந்து ஐந்து மைல். நாங்கள் ஊர், அவர்கள் காலனி. அவருடைய அப்பா சின்னப்பையன் என் தாய்மாமன் கோதண்டபாணியின் கழனியில் ஏர் ஓட்டியவர். அம்மா அன்னம்மாள் அதே கழனியில் நாற்று நட்டவர். அந்தக் கழனியில் இறங்க மாட்டேன் என்று பன்னிரண்டாவது முடித்த கையோடு ராமராஜன் வேலூரில் நடந்த ராணுவ ஆளெடுப்புக்குப் போனார். யாரோ கொடுத்த கேன்வாஸ் ஷூ, ஒரு விரல் பெரியது. உள்ளே துணியைத் திணித்துக்கொண்டு ஓடித் தேறினார். எங்கள் தெருவில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

1999-இல் கார்கில் போர் நடந்தபோது அவர் மேலே மலையில் இருந்தார் என்று சொன்னார்கள். போர் முடிந்து லீவில் வந்தவரைப் பார்க்க ஊரே காலனி முனை வரைக்கும் போனது. எல்லாருக்கும் கதை வேண்டும். எத்தனை பேரைச் சுட்டாய், குண்டு எப்படிச் சத்தம் போடும், பனி எவ்வளவு உயரம். அவர் சொன்னது இரண்டே வார்த்தை: "மலை. குளிரு." அவ்வளவுதான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"இவன் சண்டையே போட்டிருக்க மாட்டான்டா முனி. சப்பாத்தி சுட்டுக்கினு இருந்திருப்பான்" என்றார் மாமா என்னிடம்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. போருக்குப் போனவன் வாயை மூடிக்கொண்டு இருப்பானா? பக்கத்து வீட்டுக்காரன் எல்லைச் சுவரை அரை அடி தள்ளிக் கட்டியதற்கே மூன்று மணி நேரம் பேசுகிற ஊர் இது.

பதினாறு வருடம் பட்டாளத்தில் இருந்தார். அங்கேயே தபாலில் பி.ஏ. முடித்து, வெளியே வந்து சட்டம் படித்தார். ஆந்திராவில் வாங்கிய பட்டம் என்று கோர்ட்டில் பேசிக்கொண்டார்கள். அதையும் நான் சந்தேகப்பட்டு, அவர் தாக்கல் செய்த முதல் மனுவில் சட்டப் பிரிவு எண்களை ஒவ்வொன்றாகப் புத்தகம் வைத்துச் சரிபார்த்தேன். தப்பு இல்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கூலிக்குத் தறி நெய்கிறவர்களின் வழக்கு, காலனி வீட்டுமனை வழக்கு, பட்டுக்கடையில் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களின் வழக்கு, இப்படி வேறு யாரும் தொடாததெல்லாம் அவரிடம் வந்தது. ஏன் இந்த மனிதர் இப்படி அலைகிறார் என்று யோசித்து, 'தேர்தலுக்கு அடிபோடுகிறார்' என்று முடிவுகட்டினேன். அதில் மட்டும் நான் நினைத்தது சரி.

இனி கங்கையம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருமுக்கூடலுக்கு இந்தப் பக்கம் பாலாற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு விவசாயக் குடும்பம் கங்கையம்மாளுடையது. ஒரே மகன் தர்மன். பட்டாளத்தில் சேர்ந்து அதே 1999 ஜூலையில் அந்த மலையில் செத்தான். கல்யாணம் ஆகாதவன். மரப்பெட்டியில் உடல் வந்தது, கூடவே சிப்பாய்கள் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் புதைப்பதற்கு முன் பெற்றவளும் உற்றாரும் செத்தவர் வாயில் ஒரு பிடி அரிசி போடுவார்கள். வாய்க்கரிசி. அதைப் போடாமல் மண்ணைத் தள்ளுவது கிடையாது. கங்கையம்மாள் கையில் அரிசியை வைத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். பெட்டிக்குப் பொறுப்பாக வந்த ஒரு இளம் சிப்பாய், "தெறக்கக் கூடாதும்மா. மேலேருந்து உத்தரவு" என்று மறித்து நின்றுவிட்டான். சொந்தக்காரர்கள் மூடி மேலேயே அரிசியைத் தூவிக் காரியத்தை முடித்தார்கள். அந்த அம்மா தன் பிடியைத் தூவவில்லை. மூடிய கையோடு வீட்டுக்குத் திரும்பினார்.

அன்று அவருக்குள் விழுந்த சந்தேகம் விட்டே போகவில்லை. உள்ளே இருந்தது தன் மகன்தானா? வேறு யாரோவா? வெறும் பெட்டியா? பல வக்கீல்களிடம் போனார். கிழவிக்குப் புத்தி பிசகு என்று எல்லோரும் அனுப்பிவிட்டார்கள். 2015-இல் யாரோ சொல்லி ராமராஜனிடம் வந்தார். அவர் உட்காரவைத்துக் கேட்டு, அன்றே மனு எழுதிக் கொடுத்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஜூலையிலும் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு. ராமராஜன் கையால் எழுதுவார், நான் அடிப்பேன். 'மேற்படி பெட்டியுடன் வந்த, பெயர் தெரியாத சிப்பாயைக் கண்டுபிடித்து விசாரித்து, பெட்டியில் இருந்தது என் மகன்தானா என்பதை எனக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' அன்றைக்கு வேறு எந்த வழக்கும் எடுக்காமல் அந்த அம்மாவோடு வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்து, ரசீது வாங்கி, பஸ் ஏற்றிவிடுவார். கொரோனா வருடத்தில் கூட்டமே இல்லை. வாசலில் வைத்திருந்த புகார்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு மேல் ஒரு பதிலும் வந்ததில்லை.

நான் அடித்து முடிக்கும்வரை கங்கையம்மாள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

"வெறும் வவுத்தோட அனுப்பிட்டேன்பா" என்பார். "ஊரெல்லாம் போட்டாங்க, எம்புள்ளைக்கு நான் போடல. அது அவன் இல்லன்னா வேற மாதிரி. எங்கயோ இருக்கான்னு அர்த்தம். அதுக்குத்தான் ராத்திரில தாப்பா போடறதில்ல."

2018-இல்தான் அது நடந்தது. ராமராஜன் கொடுத்த கையெழுத்துப் பிரதியில் 'பதினான்கு திருகாணிகளால் மூடப்பட்டிருந்த பெட்டி' என்று ஒரு வரி. அடித்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கோர்ட்டிலிருந்து வேகமாக வந்தார்.

"அண்ணா, அந்தத் திருகாணி வரிய எடுத்துடுங்க."

"ஏன், தப்பா?"

"தேவையில்லணா. எடுத்துடுங்க."

எடுத்தேன். அவர் போனதும் கங்கையம்மாளைக் கேட்டேன். "ஏம்மா, பெட்டியில எத்தினி ஆணின்னு எண்ணினியா?"

"கண்ணே தெரியாம அழுதுக்கினு இருந்தேன். நான் எங்கப்பா எண்ணினேன்?"

அப்படியானால் எண்ணியது யார்? கரையும் உடலும் கோர்வை சேராத சேலை மாதிரி அந்தக் கதையில் ஒரு இடம் விட்டுப்போயிருந்தது. அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து ஊராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் ஊர்த் தலைவர் பதவி இந்த முறை தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அதுவரை தலைவராக இருந்த மாமா நிற்க முடியாது. ஆனால் நாற்காலியை விடவும் மனசில்லை. தன் டிராக்டரை ஓட்டும் காலனிப் பையன் மணிவண்ணனை நிறுத்தினார். எதிரே ராமராஜன். காலனியோடு ஊரிலும் பாதிப் பேர் அவர் பக்கம் சாய்வது தெரிந்தது. வக்கீல், பட்டாளத்துக்காரர், குடிக்க மாட்டார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

வேட்புமனுவை அடிக்க என்னிடம்தான் வந்தார். மாமா யார் என்று தெரிந்தும் வந்தார். அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. பட்டாளத்துக் காகிதக் கட்டு ஒன்றைக் கொடுத்து எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். கட்டின் நடுவே மடிப்பில் நைந்த ஒரு பயண உத்தரவு. தேதி, 1999 ஜூலை. இறந்தவர் உடலுடன் துணையாகச் செல்பவர், சிப்பாய் ராமராஜன். இறந்தவர் பெயர், தர்மன்.

பெயர் தெரியாத அந்தச் சிப்பாய் இவர்தான். தன்மேல் கொடுக்கப்படுகிற புகாரைத் தானே உட்கார்ந்து ஏழு வருடமாக எழுதியிருக்கிறார். அன்று மீசை முளைக்காத ஒல்லிப் பையன். இன்று கண்ணாடி, தொப்பை, கறுப்புக் கோட்டு. அந்த அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஏன் எழுதினார்? என் மூளைக்கு ஒரே பதில்தான் கிடைத்தது. தன்மேல் வரும் புகாரைத் தானே எழுதினால் அது எங்கேயும் போய்ச் சேராது. திருடனே விசாரணை நடத்துவது போல. என்ன சாமர்த்தியம்! பெட்டியில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று நிச்சயம் செய்துகொண்டேன். அன்று சாயங்காலமே மாமாவிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பாவத்தை இங்கே மறைக்கப் போவதில்லை.

மாமா சிரித்தார். "அந்தக் கெழவிய நான் கூட்டாறேன். நாலு பேர் எதிர்ல கேக்கட்டும்."

பிரச்சாரத்தின் கடைசி நாள். ஐந்து மணியோடு மைக்கை நிறுத்த வேண்டும். மூன்றரைக்கு காலனி முனையில், தண்ணீர்த் தொட்டியின் கீழே ஒரு மேசை போட்டு ராமராஜன் பேசிக்கொண்டிருந்தார். ஊரும் காலனியும் சேர்ந்து இருநூறு பேர் இருக்கும். மாமாவின் லோடு வண்டி வந்து நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து கங்கையம்மாள் இறங்கினார். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார்கள். மஞ்சள் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நேராக மேசைக்கு வந்தார். மாமா டீக்கடை ஓரமாக நின்றுகொண்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ராமராஜன் பாதியில் நிறுத்தினார். மைக்கை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"பெட்டியோட வந்தது நீதானா?"

"நான்தாம்மா."

"ஏழு வருசமா எம்பக்கத்துல குந்திக்கினு மனு எழுதினியே. அதுவும் நீதானே?"

"நான்தாம்மா."

"உள்ள எம்புள்ள இருந்தானா?"

"இருந்தாம்மா. தர்மன்தான். நான்தான் எடுத்து வச்சேன். பதினாலு திருகாணியும் நான்தான் முடுக்கினேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அப்ப ஏன் தெறக்க வுடல? மேலேருந்து உத்தரவுன்னியே."

"உத்தரவு ஒண்ணும் இல்லம்மா. நானா சொன்னேன்."

"ஏன்டா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னது ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்டது.

"நீங்க கையில அரிசிய வச்சிக்கினு நின்னீங்க. போடறதுக்கு அவனுக்கு வாய் இல்லம்மா. மூஞ்சியே இல்ல."

எங்கோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். என் முப்பத்திரண்டு வருடத் தொழிலில், பொய் சொன்னதற்கு இப்படி ஒரு காரணத்தை எந்த மனுவிலும் அடித்ததில்லை.

கங்கையம்மாள் அழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"கையி?"

"என்னம்மா?"

"கை இருந்துச்சான்னு கேக்கறேன்."

ராமராஜன் உடனே பதில் சொல்லவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மைக்கில் கேட்டது.

"இருந்துச்சும்மா. சோத்துக் கை நல்லா இருந்துச்சு. ஒரு கீறல் இல்ல."

"அடப்பாவி" என்றார் அந்த அம்மா. "அன்னிக்கே சொல்லியிருந்தா கையில குடுத்திருப்பேனேடா! அவனே தின்னுக்கினு போயிருப்பானே! இத்தினி வருசம் பட்டினி போட்டுட்டியேடா!"

கோர்ட்டில் எதிர்த்தரப்பை மடக்கி மடக்கிக் கேட்கிற ராமராஜன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உன் ஊட்ல அரிசி இருக்குதா?"

கூட்டத்தில் நின்ற அவர் மனைவி ஏஞ்சல் ஓடிப்போய் ஒரு டம்ளரில் பச்சரிசி கொண்டுவந்தார். ஊர்க்கார அம்மா காலனி வீட்டு அரிசியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டதை மாமாவின் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கவனித்தார்கள்.

"வா. கை இருக்கற எடத்தக் காட்டு. தல எந்தப் பக்கம்னு உனக்குத்தான் தெரியும்."

மணி நாலு. இன்னும் ஒரு மணி நேரம் பேசலாம். ஊரின் இரண்டு தெருக்களுக்கு இன்னும் போகவே இல்லை. அவரோடு இருந்தவர்கள், "அண்ணா, அஞ்சு மணிக்கு அப்பால போலாம்ணா" என்று கெஞ்சினார்கள். அவர் மைக்கை மேசையில் வைத்துவிட்டு, அந்த அம்மாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

நானும் என் வண்டியில் பின்னாலேயே போனேன். இங்கிருந்து நேராக வேறெங்காவது போய் அந்த அம்மாவைச் சரிக்கட்டுவாரோ என்று அப்போதும் ஒரு எண்ணம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நான்.

அவர்கள் ஆற்றங்கரைக்கே போனார்கள். சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு உரிந்த ஒரு சிமெண்ட் மேடை. ராமராஜன் யோசிக்கவே இல்லை. "இதும்மா தல. நான் தலப் பக்கம் தூக்கினேன்" என்றார். கங்கையம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையைச் சுற்றி வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார். அடியில் மணலை விரலால் பறித்து, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். "இந்தா வாங்கிக்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ராமராஜன் மஞ்சள் பையையும் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில் அப்படியே நின்றார்.

சற்றுத் தள்ளி நின்ற என்னிடம் வந்தபோது, நான் கேட்காமலேயே சொன்னார்.

"அந்தப் பயண உத்தரவ நீங்க பாத்ததும் மாமாகிட்ட போவீங்கன்னு தெரியும்ணா. அதனாலதான் கட்டோட குடுத்தேன்."

"அப்ப மனு? அத ஏன்யா எழுதின?"

"எவனாவது ஒரு அதிகாரி என்னக் கூப்ட்டு, சத்தியம் வாங்கிக்கினு கேட்டா சொல்லிடலாம்னு பாத்தேன். நானா போய் ஒரு தாய்கிட்ட சொல்றதுக்கு வாய் வரல. வருசா வருசம் குடுத்தோம். ஒருத்தன் கூப்புடல."

தேர்தலில் முப்பத்தோரு ஓட்டில் தோற்றார். போகாமல் விட்ட அந்த இரண்டு தெருவில்தான் ஓட்டுப் போயிற்று என்று காலனியில் சொன்னார்கள். பொய்யனுக்கு ஜனம் ஓட்டுப் போடாது என்றார் மாமா. என் ஓட்டு எங்கே விழுந்தது என்று அவர் இன்றுவரைக்கும் சந்தேகப்படுகிறார். சந்தேகப்படட்டும்.

அடுத்த ஜூலையில் கங்கையம்மாள் மனுவுக்கு வரவில்லை. ராத்திரியில் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாராம். ராமராஜன் மட்டும் பழக்கம் விடாமல் அந்தத் திங்கட்கிழமை வழக்கு எதுவும் எடுப்பதில்லை. என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. முகமே இல்லாமல் போன உடம்பில் வலது கை ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்குமா? பதில் சொல்வதற்கு முன்னால் அவர் ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்? மனு சொல்கிறவர்கள் எங்கே நிறுத்தினால் அடுத்து என்ன வரும் என்று எனக்கு அத்துபடி. அந்தக் கை அங்கே நிஜமாகவே இருந்ததா, அல்லது அந்த அம்மா கேட்ட பிறகு முளைத்ததா? முளைத்ததென்றால், பட்டினி போட்ட பழியையும் சேர்த்தல்லவா அவர் தலையில் வாங்கிக்கொண்டார்?

போன ஜூலையில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. "வக்கீல் சார், அந்தக் கை..." என்று ஆரம்பித்தேன். அவரை நான் 'சார்' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாணா?"

கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்களைப் பார்த்ததும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் ஆயுளில் கேட்காமல் விட்ட சந்தேகம் அது ஒன்றுதான்.

"ஒண்ணும் இல்ல சார். டீ ஆறுது, குடிங்க" என்றேன்.